பன்னெண்டாவது சுற்று

– உக்காருங்களேன். நடந்து நடந்து தரையே தேஞ்சு போச்சு.

– டிவியப் போடு.

– இப்பத்தானே அணைக்கச் சொன்னீங்க?

– அது பதினோராவது சுற்று. இந்நேரம் கடைசிச் சுற்று, பன்னெண்டும் எண்ணி முடிச்சிருப்பாங்க.

– முடிச்சா என் தம்பி போன் பண்ணுவான். காலைலேர்ந்து ஓட்டு எண்ற எடத்துலயேதானே கெடக்கான்.

– உன் தம்பிதானே? ஜெயிச்சா மாலையோட ஓடி வருவான். தோத்தா போன அணைச்சிட்டுப் படுத்துருவான்.

– ஏழு தேர்தல் பாத்த மனுஷன் பரீட்சை எழுதின பிள்ளையாட்டம்...

– எட்டு. மொதத் தடவ சுயேச்சையா நின்னேனே, அதக் கணக்குல சேக்க மாட்டியா?

– அதுல டெபாசிட்டே போச்சு. 'இவனுக்கா பொண்ணக் குடுத்தேன்'னு எங்கப்பா தலையில அடிச்சுக்கிட்டாரு.

– அடுத்ததுலயும் தோத்தேன். அப்புறம் வரிசையா ஆறு தடவ ஜெயிச்சேன். உங்கப்பா பஸ் கண்டக்டர்கிட்டகூட 'என் மாப்ள யாரு தெரியுமா'ன்னு...

– செத்தவர விடுங்க. இந்தத் தண்ணியக் குடிங்க.

– வேணாம். அந்தப் பாலத்துக் கூட்டத்துல ஜனங்க ஏன் சிரிச்சாங்க?

– எந்தக் கூட்டம்?

– மழுப்பாத.

– ...நீங்க தமாஷாப் பேசுனீங்க. சிரிச்சாங்க.

– என்ன பேசுனேன்?

– 'இந்த ஆத்துக்கு ஒரு பாலம் கட்டித் தருவேன்'னு.

– எங்க நின்னு சொன்னேன்?

– பாலத்து மேல.

– அதக் கட்டினது யாரு?

– நீங்கதான். மூணாவது தடவ ஜெயிச்சப்ப.

– தமாஷ்னு நீதானே மைக்க வாங்கிச் சொன்ன?

– வேறென்ன செய்யச் சொல்றீங்க? ஊரே சிரிக்கட்டும்னு விடவா?

– ஓட்டு கேக்கப் போன எடத்துலெல்லாம் முதுகுக்குப் பின்னால நின்னு ஓதிக்கிட்டே வந்தியே... 'இவரு தையக்காரர், இது அவர் மருமக'ன்னு...

– அத்தன கூட்டத்துல யாருக்குத்தான் முகம் ஞாபகம் இருக்கும்?

– தையக்காரன் என்கூடப் படிச்சவன்டி. அன்னைக்கு டாக்டர் என்ன சொன்னாரு? என்னை வெளிய உக்கார வெச்சிட்டு உன்கிட்ட மட்டும் பேசினாரே.

– வயசாச்சுன்னாரு.

– அதச் சொல்லவா அரை மணி நேரம்?

– ...போகப் போக இன்னும் மறக்கும்னாரு. போதுமா?

– அன்னைக்கே 'நிக்காதீங்க'ன்னு சொல்லியிருக்கலாம்ல?

– கட்சிக்காரங்க வாசல்ல வந்து நின்னு, 'நீங்க நின்னாத்தான் தொகுதி நமக்கு'ன்னாங்க. உங்க முகத்தப் பாத்தேன். சொல்ல மனசு வரல.

– எனக்கும் மாட்டேன்னு சொல்ல நாக்கு எழல... போன் அடிக்குது.

– எடுங்க.

– நீ எடு. உன் தம்பிதான்.

– சொல்லுடா... ம்... எவ்வளவு?... நிஜமாவா? நம்ம தெருவுலயுமா?... சரி, அழாத. ஏதாச்சும் சாப்பிட்டியா? கெளம்பி இங்க வா.

– சொல்லு.

– உங்கள எதிர்த்து நின்ன டீச்சர் ஜெயிச்சிட்டாங்க. எரநூத்திப் பதினொரு ஓட்டு வித்தியாசம்.

– ம்.

– நம்ம தெருவுலகூட அவங்களுக்குத்தான் அதிகமாம். கூட இருந்தவன் எவனோ குழி பறிச்சிட்டான்னு தம்பி கத்துறான்.

– அவன் கத்துறான். நீ ஏன் அழற?

– ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது.

– சொல்லு.

– நான் டீச்சருக்குத்தான் போட்டேன். சட்டசபையில எந்திரிச்சு நின்னு நீங்க முழிக்கிறதப் பாக்க எனக்குத் தெம்பில்ல. அங்க வந்து பின்னால நின்னு பேர் சொல்ல என்னை விட மாட்டாங்க... நல்லாத் திட்டுங்க.

– ஒத்த ஓட்டுக்கா இம்புட்டு அழுக? பிரச்சாரம் முடிஞ்ச மறுநாள், விடியும்போதே நடக்கப் போறேன்னு கெளம்பினேனே... நம்ம தெரு, பின்தெரு, ஒரு வீடு விடல. ஒருத்தர் பேரும் வாய்ல வரல. ஆனா எல்லார் கையையும் பிடிச்சுக் கேட்டுட்டு வந்தேன், 'எனக்குப் போட்டுறாதீங்க, டீச்சருக்குப் போடுங்க'ன்னு.