பைலட்டம்மாவின் எள்ளுருண்டை

எள்ளைக் கொஞ்சம் கூடுதலாக வறுத்துவிட்டால் உருண்டை லேசாகக் கசக்கும். அந்தக் கசப்பில் வேறெதையும் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், சார்.

என் பெயர் சுபத்ரா. அஸ்தினாபுரத்தில் வீடு. முப்பது வருஷம் டீச்சராக இருந்து, பரீட்சையில் பிட் அடித்த பிள்ளைகளை முகத்தைப் பார்த்தே பிடித்தவள். என் மகன் உமேஷ் விமானம் ஓட்டுகிறான். அவனுக்குப் பொய் சொல்ல வராது. வருஷாவருஷம் பைலட்டுகளுக்கான மெடிக்கல் செக்கப்புக்குப் போனால் உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்துவிடுவான். 'வலிப்பு வந்ததுண்டா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதினான். அவனைப் பொறுத்தவரை அது சத்தியம்.

வந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காலையில், ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவன் கீழே விழுந்தான். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. பயந்துபோனேன், சார். ஆனாலும் மூளை வேலை செய்தது. இழுப்பு நின்றதும் அவனை பாத்ரூமுக்கு இழுத்துக்கொண்டுபோய்ப் போட்டு, ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றினேன்.

"என்னம்மா ஆச்சு?" என்றான், நினைவு வந்ததும்.

"சோப்பு வழுக்கிடுச்சுடா."

நம்பிவிட்டான். உண்மையைச் சொல்லியிருந்தால் அடுத்த மெடிக்கலில் அவனே எழுதிக் கொடுத்து, வேலையை விட்டு இறங்கியிருப்பான். தெருவில் எல்லோரும் இப்போது என்னைப் பைலட்டம்மா என்கிறார்கள். மறுபடி டீச்சரம்மா ஆவதா?

வைத்தியம் பார்க்காமல் விட்டேன் என்று நினைக்காதீர்கள். தாம்பரத்தில் ஒரு நரம்பு டாக்டரிடம் போய், அவனுக்கு வந்ததையெல்லாம் எனக்கு வந்ததாகச் சொன்னேன். மாத்திரை எழுதினார். "இனிமே வண்டி ஓட்டாதீங்கம்மா, ரோட்ல போறவங்களுக்கும் ஆபத்து" என்றார். அன்றைக்கே ஸ்கூட்டியை விற்றுவிட்டேன். நான் சட்டத்தை மதிக்கிறவள்.

மாத்திரையைப் பொடித்து எள்ளோடு சேர்த்து உருண்டை பிடித்தேன். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. வெளியூர் டியூட்டி என்றால் டப்பாவில் போட்டுக் கொடுப்பேன். இரண்டு வருஷம் ஒரு குறையும் இல்லை. "என் பிளைட்ல ஒரு தடவையாவது வாம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பான். எனக்கு ரயில்தான் சரிப்படும்.

நான் செய்த தப்பு ஒன்றே ஒன்று. பிள்ளையைப் பகிர்ந்து சாப்பிடப் பழக்கிவிட்டேன். இந்த வாரம் மூன்று நாள் டியூட்டி. கூட ஓட்டிய ஜோவிதாவுக்கு உருண்டை பிடித்துப்போகவும், டப்பாவையே அவளிடம் கொடுத்துவிட்டானாம். நேற்று மூன்றாம் நாள். நடுவானத்தில் இவனுக்கு இழுப்பு, பழகாத மாத்திரையால் அவளுக்குக் கண்ணைச் சொருகும் தூக்கம். தன்னைத்தானே கிள்ளிக் கிள்ளி விழித்திருந்து இறக்கினாளாம், பாவம். நூற்றெழுபது பேரும் சௌக்கியம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்.

எல்லாம் நான் செய்ததுதான். வாக்குமூலத்தில் எங்கே கையெழுத்துப் போடவேண்டுமோ காட்டுங்கள். உமேஷ் இன்னும் மருந்து மயக்கத்தில் தூங்குகிறான். கண் விழித்ததும் என்ன ஆச்சு என்று கேட்பான். விமானத்திலும் பாத்ரூம் உண்டுதானே, சார்? அங்கே வழுக்கி விழுந்துவிட்டான் என்று சொல்லிவிடுங்கள். அடுத்த மாதம் அவனுக்கு மெடிக்கல் இருக்கிறது.