லட்டு துன்னாத அப்பா

ராயபுரம் ஆஸ்பத்திரி வரிசையில் எனக்கு முன்னால் துறைமுகத் தொழிலாளி ஒருவர் சிறுநீர்ப் புட்டியோடு நின்றார். கூடவே வந்த கூட்டாளியிடம் புலம்பிக்கொண்டிருந்தார்.

"பொண்ணு கல்யாணத்துல ஒரு லட்டு கூட துன்னல, மாமு. அவள எண்ணூருக்கு கட்டிக் குடுத்து அனுப்ச்சதுலேந்து சக்கரை ஏறிகினே கீது. மன்சுல இன்னா கவலைன்னு டாக்டர் கேக்குறாரு."

"நீ இன்னா சொன்ன?"

"ஒண்ணுமில்லன்னேன்."

"அய்ய! தெனம் சோறு துன்றப்போ அவளுக்கும் சேத்து தட்டு வெக்கிறியாமே? அண்ணி சிரிக்குது. எண்ணூரு இன்னா லண்டனா? ரயிலேறி பாத்துட்டு வாயேன்."

அவர் சிரிக்கவில்லை. "தூக்கமே வர்ல, மாமு."

கூட்டாளியின் குரல் தணிந்தது. "இத்தயே டாக்டராண்ட சொல்லு, நைனா."

"சொன்னா அழுதுருவேன்."

"அழேன். மூட்டை தூக்குறவன் அழக்கூடாதுன்னு சட்டமா கீது?"

உள்ளேயிருந்து பெயரைக் கூப்பிட்டார்கள். இருவரும் சேர்ந்தே போனார்கள்.