ஷூ டப்பாவில் சாயங்கால மாத்திரை

ரோஸ்லின்: ...பேரீச்சம்பழம் தேடித்தான் தொறந்தேன்க்கா. ஷூ டப்பா நெறைய உன் மாத்திரை.

ஹெலன்: அதைத் தொறக்கச் சொன்னேனா உன்னை?

ரோஸ்லின்: உனக்கு ரத்தம் கம்மின்னு நம்மகூட வேலை செய்யற சுகரா பேகம் வாங்கியாந்த பழம். நாலு தின்னாளான்னு நாளைக்கு ஃபேக்டரில என்னைத்தான் கேப்பாங்க.

ஹெலன்: தின்னேன்னு சொல்லு. அவங்க மனசு குளிரும்.

ரோஸ்லின்: பேச்சை மாத்தாத. காலையில ரெண்டு, சாயங்காலம் ரெண்டு. ஒரு மாசத்து சாயங்கால மாத்திரை அப்படியே இருக்குது.

ஹெலன்: மறந்துட்டேன்டி...

ரோஸ்லின்: மறந்தவ ரப்பர் பேண்டு போட்டு அடுக்கி வைப்பாளா?

ஹெலன்: பதினஞ்சு வருஷம் ஷூ செக்கிங். கை தானா அடுக்குது.

ரோஸ்லின்: சிரிக்க வெக்காத. மார்புல கட்டிய எடுத்தாச்சு, கீமோ முடிஞ்சுது. திரும்ப வராம இருக்கத்தான் ஒரு வருஷம் இந்த மாத்திரைன்னு வேலூர் டாக்டர் சொன்னப்போ தலையாட்டுனியே?

ஹெலன்: இன்னொண்ணும் சொன்னாங்க. அம்மா வழியா வந்த கோளாறு, தங்கச்சிக்கும் இருக்கலாம்னு...

ரோஸ்லின்: அதுக்கு?

ஹெலன்: ...உனக்கு வந்தா ஆகுமேன்னு எடுத்து வச்சேன்.

ரோஸ்லின்: அக்கா...

ஹெலன்: அழாத. எனக்குப் பாதி போதும்.

ரோஸ்லின்: உனக்கு எழுதினத நான் முழுங்கறதா? ஜோடியில ஒத்தை ஷூ வந்தா செக்கிங்ல பாஸ் பண்ணுவியா நீ?

ஹெலன்: ...மாட்டேன்.

ரோஸ்லின்: நாளைக்கே போய் டாக்டர்கிட்ட ஒளிக்காம சொல்லிடணும்.

ஹெலன்: அந்தக் கோளாறு உனக்கும் இருக்கான்னு பாக்கக் குடுத்த ரத்த டெஸ்ட் ரிசல்ட் வரட்டும். அப்புறம் போலாம்.

ரோஸ்லின்: ...வந்துடுச்சு.

ஹெலன்: இன்னாது? எப்போ?

ரோஸ்லின்: மூணு வாரம் ஆச்சு. எனக்கு... எனக்கு அந்தக் கோளாறு இல்லக்கா. உனக்கு இப்பதான் முடி முளைக்குது. உன் முன்னால எப்படிச் சொல்றது... சந்தோஷப்படவே வெக்கமா இருந்துச்சு.

ஹெலன்: கிட்ட வாடி... இன்னும் கிட்ட. தினம் ஜெபத்துல, "என் தங்கச்சிக்கு மட்டும் வேணாம் ஆண்டவரே"ன்னு முழங்கால் தேய கேட்டுட்டிருக்கேன். நீ பதிலைக் கைப்பையில வச்சுக்கிட்டு பக்கத்துல ஆமென் சொல்லிட்டிருந்தியா? ...சரி, மணி ஏழாவுது. தண்ணி கொண்டா, இன்னிக்கு மாத்திரைய முழுங்கறேன்.