பச்சையை நிறுத்துப் பார்த்த ஹம்ஸியா பாறூக் அவர்களுக்கு

விதைக்கும் முன் மண்ணிடம் கேட்டவரே! விளைந்த பின் தராசிடம் கேட்டவரே! பதுளைத் தீவனப் பயிர் ஆய்வுப் பண்ணையின் பொறுப்பதிகாரியாய் இருந்து இன்று விடைபெறும், எங்கள் பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய ஹம்ஸியா பாறூக் அவர்களே!

இளம் பட்டதாரியாய் இப்பண்ணைக்குள் கால் வைத்த நாள் முதல் தலைமை ஏற்று நடத்திய இந்நாள் வரை, புலமையும் பொறுமையும் புன்னகையும் உங்களைவிட்டு அகன்றதில்லை. ஆயினும் அவற்றைப் பாடிக்கொண்டிருப்பதைவிட, பூச்சு விதையின் கதையைச் சொல்வதே உங்களுக்குச் செய்யும் நேர்மையான சிறப்பு.

சுண்ணாம்பும் வேர்முடிச்சு நுண்ணுயிரும் பூசிய அவரையினத் தீவன விதை நம் பண்ணைக்கு முதன்முதலாக வந்த ஆண்டு அது. பூசாத விதையை எறும்புகள் இழுத்துச் செல்ல, பூசிய விதையோ பாத்தி நிறையப் பசுமையாய் முளைத்து நின்றது. பார்க்க வந்த மேலிடத்தார் மகிழ்ந்தனர். தோட்டங்களில் மாடு வளர்ப்போர் அனைவருக்கும் இதையே மானியத்தில் வழங்குவோம், உடனே அறிக்கை எழுதுங்கள் என்றனர். "முளைச்சதத்தான் பார்த்திருக்கம் சேர். வெட்டிக் காயவச்சு நிறுத்துப் பார்க்க இல்லையே. இன்னும் ஒரு போகம் தாங்க" என்றீர்கள். விநியோகம் நின்றது. வளர்ச்சிக்குத் தடை போடுகிறவர் என்ற பழி உங்கள்மேல் விழுந்தது.

அதைவிட வலித்தது ஸ்பிரிங்வெளித் தோட்டத்துத் தனலெட்சுமியின் கேள்வி. இரண்டு கறவை மாடுகளை நம்பிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர் அவர். பண்ணை வாசலில் நின்றபடியே கேட்டார்: "மேடம், எங்களுக்கு வர இருந்த வெதைய நீங்கதான் நிப்பாட்டினீங்களாமே, நெசமாங்க?"

"ஓம், நான்தான். விளையாமப் போனா நட்டம் உங்களுக்குத்தானே? உங்கட மேட்டு நிலத்தில ஒரு துண்டு தாங்க, விதைச்சே பார்ப்பம்" என்றீர்கள். பழியை வேறெவர் தலையிலும் போடவில்லை.

அறுவடை வந்தது. பண்ணையின் வளமான சமநிலத்தில், பூசாத பாத்தியிலும் எறும்புக்குத் தப்பிய செடிகள் படர்ந்து இடைவெளியை நிரப்பியிருந்தன. இரண்டு பாத்தியும் ஏறக்குறைய ஒரே எடை. புரதத்திலும் பெரிய வேறுபாடில்லை. பூச்சின் பாரத்தால் ஒரு கிலோவில் விதைகள் குறைவு என்பதையும், வழக்கமான அளவில் தூவினால் பயிர் நெருக்கமின்றி ஐதாகிவிடும் என்பதையும் கண்டறிந்தீர்கள். ஆனால் தனலெட்சுமியின் கல்லும் புளிப்பு மண்ணும் நிறைந்த சரிவில் நடந்தது வேறு. பூசாத விதை அழிந்து களை மண்டியது. பூசிய விதையோ வேர்பிடித்து, முடிச்சு கட்டி, இலை செழித்துப் புரதமும் உயர்ந்து நின்றது. 'அனைவருக்கும்' என்றிருந்ததை நீக்கி, 'சரிவு நிலத்தாருக்கு, கூடுதல் அளவில்' என்று எழுதினீர்கள். அதுவே பரிந்துரையாயிற்று. அவ்வாண்டின் வறட்சியில் தனலெட்சுமி தம் மாடுகளை விற்க நேரவில்லை.

அம்மையீர்! நோயறியா உடலும் கவலையறியா உறக்கமும், உற்றார் சூழ்ந்த நெடிய ஆயுளும் இறைவன் உங்களுக்கு அருள்வானாக! உங்களுக்கு என்ன சொல்லலாம் என்று தனலெட்சுமியையும் கேட்டோம். எங்கள் அலங்காரச் சொற்களைவிட அவர் சொன்னதே பெரிது. அதையே இங்கு பொறிக்கிறோம்:

"இப்ப இல்லன்னு எங்ககிட்ட நெறய பேரு சொல்லியிருக்காங்க. ஏன்னு சொன்னது இந்த மேடம் மட்டுந்தாங்க."

உங்களிடம் பணிபுரியும் பேறு பெற்ற,
பண்ணை ஊழியர்கள்,
பதுளை.