கஞ்சி போட்ட பச்சை உடுப்பு

வெள்ளைக்காரர் ஆட்சியின் அவசரகாலத்தில், ஈஜோக் பக்கத்து எங்கள் ரப்பர்த் தோட்டத்தில், பால் வெட்டப் போகிறவர்களை வேலிக் கதவருகே நிறுத்திச் சோதிப்பார்கள். சாப்பாடு காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். ஒரு பிடி அரிசியோ சோறோ வெளியே கொண்டுபோகக் கூடாது. அன்று சோதித்தவன் எங்களை வேலை வாங்கும் மண்டோரின் மகன். ஸ்பெஷல் போலீஸில் அப்போதுதான் சேர்ந்திருந்தான். வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள்.

“காட்டுல ஒளியறதுக்குக் குடுத்த உடுப்புக்கு எவனாச்சும் கஞ்சி போடுவானாக்கா?” என்றாள் இளையவள்.

“இஸ்திரிப் பெட்டி வேற போட்டிருக்கான் பாரு. நடந்தா சரசரன்னு காஞ்ச வாழமட்ட சத்தம். பச்சையா இருந்து என்ன லா பிரயோஜனம்? காட்டுல இருக்கிறவனுக்குக் காது இல்லையா?”

ஒரு போர் விமானம் எங்கள் தலைக்கு மேல் இரைந்துகொண்டு போனது.

“சீமையில புதுசு புதுசா பிளேன் செஞ்சு அனுப்புறானுங்களாம்க்கா.”

“செய்யட்டும், செய்யட்டும். போன வாரம் போட்ட குண்டுல கொரங்குதான் செத்துச்சு.”

இளையவளின் முறை வந்தது. அவன் அவளுடைய தூக்குச்சட்டியைத் திறந்து முகர்ந்தான்.

“என்னா இது?”

“வெறும் கஞ்சித்தண்ணிங்க. ஒரு பருக்க கெடையாது. மத்தியானம் வரைக்கும் பசி தாங்கணுமே.”

“கஞ்சியும் அரிசிதான். கொட்டு.”

அவள் வேலியோரம் கொட்டினாள். மூத்தவள் அவனுடைய விறைத்த காலரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அப்ப ஒன் சட்டையக் கழட்டு, தம்பி.”