மருமகனின் பெரிய பட்டம்

கோவில்பட்டியிலிருந்து விளாத்திகுளம் போகும் பஸ்ஸில், செருப்பில் அப்பியிருந்த கரிசலைத் திட்டிக்கொண்டே சுரண்டிக்கொண்டிருந்தேன். ராத்திரி நல்ல மழை. இப்போது விட்டு விட்டு வீசும் காற்று. முன்சீட்டுப் பெரியவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்:

“எம் மருமகன் வண்டியில பட்டத்தைக் கட்டி ஓட்டப் போயிருக்காரு, அண்ணாச்சி. மக வேற முழுகாம இருக்கா.”

“பட்டத்தையா?”

“காத்தடைச்ச பட்டம். மூணு சக்கர வண்டில ஆளு உக்காந்துகிட்டா, தரிசுல இழுத்துட்டு ஓடும். பெருசு ஒண்ணு, சிறுசு ஒண்ணு வாங்கி வச்சிருக்காரு. இன்னைக்கு எதை எடுத்தாரோ!”

“இந்தக் காத்துக்குச் சிறுசுல்லா எடுக்கணும்?”

“சொன்னேனே! காத்து ஓஞ்ச நேரமாப் பாத்து நின்னுட்டு, ‘பெருசுதான் மாமா இழுக்கும்’ங்காரு. அடுத்த வீச்சு வந்தா ஆளைத் தூக்கிட்டுப் போயிராதா?”

“நம்ம ஊருக் காத்து சொல்லிட்டா அடிக்கும்?”

பெரியவரின் போன் அடித்தது. மகள்தான்.

“எதை எடுத்துட்டுப் போனாரு? பெருசையா!”

பெரியவர் முன்கம்பியை இறுக்கிப் பிடித்தார். பட்டத்தோடு போனவர் யாருடைய மருமகன் என்பதை மறந்து நானும் பிடித்தேன். கொஞ்சம் கொஞ்சமாகப் பெரியவரின் கை தளர்ந்தது.

“பட்டத்துல காத்தே அடைக்கலையாம், அண்ணாச்சி. ரோட்டுல இருந்து வண்டியை இறக்கினதுமே சக்கரம் பூரா கரிசல் அப்பிக்கிச்சாம். தள்ளவும் முடியலையாம், தூக்கவும் முடியலையாம். உக்காந்து சுரண்டிட்டு இருக்காராம்.”

“நல்ல மண்ணு!”

“அது காயுததுக்குள்ள பெருசை எங்கயாவது ஒளிச்சு வச்சிருதேன்.”

நான் செருப்பைத் திட்டுவதை நிறுத்திக்கொண்டேன்.