அஞ்சம்மாளின் உருளைக்கிழங்குப் பாத்தி

உருளைக்கிழங்குச் செடிக்கு இலையில் தண்ணீர் ஊற்றக் கூடாது. காலையில், வேரில் ஊற்ற வேண்டும். இது ஒன்றைக் கவனித்தாலே பாதி நோய் வராது.

உட்காருங்கள், சம்பந்தம். உங்கள் அக்காவின் பாத்தி ஏன் கருகியது என்று இதுவரை யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

நான் ஊட்டியில் விதைக்கிழங்குப் பண்ணையில் வேலை பார்த்தவன். மனைவி காலமான பிறகு சேலையூருக்கு வந்தேன். கேம்ப் ரோட்டில் பஸ் சத்தம் அடங்கிவிட்டால் இந்த வீட்டில் காதில் விழ ஒன்றும் இருக்காது. சில நாள் பால்காரரிடம் பேசுவதோடு சரி.

உங்கள் அக்கா அப்படி இல்லை. இந்தத் தெருவில் யார் வீட்டில் முருங்கைப் போத்து நட்டாலும் கைராசிக்காக அஞ்சம்மாள்தான் வந்து முதல் மண் தள்ள வேண்டும். அந்தத் தைரியத்தில்தான் தீபாவளி மழை விட்டதும் முளைவிட்ட உருளைக்கிழங்கை நட்டார். மார்கழியில் ஒருநாள் நம் இரு வீட்டுக்கும் நடுவில் உள்ள மதிலுக்கு மேல் அவர் தலை தெரிந்தது.

"ஊட்டி சார், இங்க வந்து பாரு சார். எலையெல்லாம் கருகிகினு வருது. எவ கண்ணு பட்டுச்சோ."

"கண்ணெல்லாம் இல்லைம்மா. கருகல் நோய்."

"அப்ப நல்ல டாக்டரா சொல்லு."

"நான்தான்."

"ஐயே, ஊசி போடத் தெரியாத டாக்டரா?"

புள்ளி விழுந்த இலைகளைக் கிள்ளச் சொன்னேன். எரிப்பதற்கு நானே வாங்கிக்கொண்டேன். மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் தனித்தனியாகக் கரைத்து, பிளாஸ்டிக் வாளியில் சேர்த்துத் தெளித்தேன். தெளிக்கும் முன் கரைசலில் இரும்புக் கத்தியை நனைத்துப் பார்க்க வேண்டும். செம்புநிறம் ஏறினால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம்; அப்படியே தெளித்தால் மருந்தே இலையைச் சுட்டுவிடும். தினமும் மாலையில் அவர் காபி கொண்டுவந்தார். நிறையப் பேசினார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

செடி பிழைத்தது. எனக்கும் ஒரு முறம் கிழங்கு வந்தது. அதற்குப் பிறகு மதிலுக்கு மேல் தலை தெரியவில்லை. நல்ல செடிக்கு வைத்தியர் எதற்கு? அவர்மேல் தவறில்லை.

வாங்கிய இலைகளை நான் எரிக்கவில்லை. காய்ந்த இலையில் அந்த நோய் சாகாது, தூங்கும். ஒரு சாக்கில் கட்டி வைத்திருந்தேன். மறுவருஷம் அவர் மறுபடி நட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவே புராணத் தொடர் பார்க்க டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும். அப்போது அந்த இலைகளை ஊறவைத்த தண்ணீரை மதிலுக்கு மேலிருந்து தெளித்தேன். சில வாரங்கள் அப்படிச் செய்தேன்.

அவர் வந்தார். காபியும் வந்தது. இந்த முறை கத்தியில் செம்புநிறம் ஏறியதை அவரிடம் சொல்லாமல், அப்படியே தெளித்தேன். சீக்கிரம் குணமானால் சீக்கிரம் போய்விடுவார். ஆனால் பாத்தி முழுவதும் கருகிவிடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அவர் செடிகளைப் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்தார்.

"என் கைதான் சார். என் வூட்டுக்காரரு செத்ததுலேர்ந்தே ராசி பூட்ச்சு. நான்தான் ஒத்துக்கல."

பேசாமல் இருப்பது பொய் ஆகாது.

பிறகு யார் கூப்பிட்டாலும் நட மறுத்தார். கொஞ்ச நாளில் கூப்பிடுவதையும் விட்டுவிட்டார்கள். போன மாதம் அவர் மகள் வேதாவுக்குக் குழந்தை பிறந்ததே, நீங்களும் அங்கே இருந்தீர்கள். முதல் சர்க்கரைத் தண்ணீரை அம்மா கையால்தான் வைக்க வேண்டும் என்று வேதா அழுதாள். இவர் கைகளைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு சுவரோரம் போய் நின்றார்.

"வோணாம்மா. என் கை பட்டா அதுவும் கருகிடும்."

இன்றுவரை அந்தக் குழந்தையை அவர் தொடவில்லை என்று நீங்கள் சொல்லித் தெரிகிறது. குழந்தை பிறந்த அன்று மாலை இங்கேதான், நீங்கள் இருக்கும் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். இருட்டும்வரை எழுந்து போகவில்லை. என் மனைவி போன பிறகு இந்த வீட்டில் அப்படி ஒரு நிறைவான மாலை இருந்ததில்லை.

நோயைக் கொண்டுவந்தது நான். மருந்தைக் கெடுத்ததும் நான். இதை அவரிடம் சொல்வது உங்கள் விருப்பம். சாக்கையும் எடுத்துப் போங்கள், ஒரு பிடி இலை மட்டும் விட்டுவைத்தால் போதும். அவர் மறுபடி நடத் துணிந்தால், பக்கத்தில் வைத்தியம் தெரிந்தவன் ஒருவன் வேண்டாமா?